இடது நெற்றிக்கு மேலே

பிப்ரவரி 3, திங்கள்

மனச்சோர்வுக்குக் காந்தத் துடிப்பு சிகிச்சை (டிஎம்எஸ்) எடுக்கப் போகிறேன். இன்று அளவெடுப்பு மட்டும். தலையில் துணித் தொப்பி மாட்டி, டேப் வைத்து அளந்து, பேனாவால் குறி போட்டார்கள். எட்டு வடிவக் காயிலை இடப்பக்கம் வைத்து ஒவ்வொரு துடிப்பாக விட்டார் டெக்னீஷியன். ஓரிடத்தில் என் வலது கட்டைவிரல் தானாகத் துள்ளியது. நான் ஆட்டவே இல்லை! விரலைத் துள்ள வைக்கும் குறைந்தபட்ச சக்திதான் எனக்கான அளவு. சிகிச்சையில் அதன் 120 சதவீதம் கொடுப்பார்களாம், அதுவும் இன்னும் கொஞ்சம் முன்னால், இடது நெற்றிக்கு மேலே.

பிப்ரவரி 4, செவ்வாய்

மண்டைமேல் மரங்கொத்தி உட்கார்ந்த மாதிரிதான். நொடிக்குப் பத்து வீதம் நாலு நொடி, பிறகு 26 நொடி ஓய்வு. 37 நிமிடத்துக்கு மேல் ஆனது, மொத்தம் 3000 துடிப்பு. காதில் அடைப்பான் வைத்தும் சத்தம் கேட்கிறது, இடது இமை கூடவே துடிக்கிறது. மயக்க மருந்து கிடையாது, முடிந்ததும் நானே வண்டி ஓட்டி வந்தேன். சாயங்காலம் தலைவலி. ஒரு பாராசிட்டமாலில் போய்விட்டது.

வலிப்பு வர வாய்ப்பு உண்டு, ஆனால் மிக அரிது என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். தலைக்குள் உலோகம் ஏதாவது இருக்கிறதா என்று வேறு இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டார்கள்.

பிப்ரவரி 8, சனி

சித்தப்பா காந்த வளையலோடு வந்தார். "இதுவும் காந்தம்தானேடா, அதுக்கு எதுக்கு அவ்வளவு காசு?"

மோட்டார் காயில் கட்டிப் பிழைக்கிறவனிடம் இதைக் கேட்கலாமா? சும்மா இருக்கும் காந்தம் ஒன்றும் செய்யாது. காந்தப்புலம் மாறினால்தான் பக்கத்தில் மின்சாரம் பிறக்கும். ஃபாரடே 1831-லேயே காட்டியது இது. அந்த மெஷினில் புலம் எம்ஆர்ஐ ஸ்கேன் அளவுக்கு எழுந்து, கண்மூடித் திறப்பதற்குள் அடங்கிவிடுகிறது. நேரடி மின்சாரத்தை மண்டையோடு தடுக்கும், காந்தப்புலத்தைத் தடுக்காது. அதனால் வலியில்லாமல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உள்ளே போய் நரம்பைத் தட்டுகிறது. இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் அந்தோணி பார்க்கர் குழு 1985-ல் செய்து காட்டியது. சித்தப்பாவுக்கு இதெல்லாம் ஏறவில்லை. வளையலை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பிப்ரவரி 19, புதன்

ஒரு மாற்றமும் இல்லை. அமெரிக்காவில் 2008-லேயே மனச்சோர்வுக்கு அனுமதித்த சிகிச்சை என்கிறார்கள். மூன்று நிமிடத்தில் முடியும் முறையும் இந்த நீண்ட முறைக்குச் சளைத்ததல்ல என்று 2018-ல் கனடா ஆய்வு ஒன்று சொன்னது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக முறையில் தினம் பத்து அமர்வு, ஐந்தே நாள். எனக்கு மட்டும் வாரக்கணக்கில் மரங்கொத்தி. எல்லோருக்கும் கேட்காது என்று டாக்டர் முதலிலேயே சொன்னதுதான்.

மார்ச் 5, புதன்

காயில் கம்பி கொடுத்தவன் தடிமனை (கேஜ்) மாற்றிக் கொடுத்துவிட்டான். போன் போட்டு நல்லா சண்டை போட்டேன். பல மாதமாக எது நடந்தாலும் "சரி, விடு" என்று படுத்துக்கொண்டவன் நான். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தால் முதலில் கோபம் வருகிறது! டாக்டரிடம் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. தூக்கம் குறைந்ததா, காசைக் கண்டபடி செலவழிக்கிறேனா என்று துருவினார். மனநிலை சோர்விலிருந்து மிதமிஞ்சிய உற்சாகத்துக்கு எகிறிவிடுவதும் எப்போதாவது நடக்குமாம். எனக்கு அப்படி இல்லை, நன்றாகவே தூங்குகிறேன்.

மார்ச் 17, திங்கள்

மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்வித் தாளில் 27-க்கு ஆரம்பத்தில் 19 எடுத்திருந்தேன். இன்று 11. பாதியாகக் குறைந்தால்தான் பலன் என்று கணக்கு வைப்பார்களாம், ஒன்றரை மார்க்கில் போச்சு. மார்க் கிடக்கட்டும், இந்த வாரம் தினமும் கடை திறக்கிறேன். மாத்திரை தொடரும். இனி வாரத்துக்கு மூன்று அமர்வு, அப்புறம் இரண்டு, அப்புறம் ஒன்று. நாளை காலை போர்வெல் மோட்டார் ஒன்று டெலிவரி. அமர்வை மதியத்துக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன்.