ஸ்கேன் பார்த்துத் தோளில் போட்டுக்கொண்ட ஊசி

மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் இடையில் இருக்கும் எங்கள் ஊரில் தோள்பட்டை வலி இல்லாத வீடு குறைவு. வலை இழுக்கும் ஆண்கள், பாசி எடுக்கப் போகும் பெண்கள், மீன் கூடை சுமப்பவர்கள் என்று ஆளுக்கொரு காரணம் இருக்கிறது. நான் பள்ளிக்கூட ஆசிரியை. மதுரைக்குப் போய் அல்ட்ராசவுண்டு ஸ்கேன் பார்த்துத் தோள்மூட்டில், வீக்கத்தையும் வலியையும் தணிக்கும் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு வந்தேன். அதன் பிறகு தெருவில் யாருக்கு மருத்துவர் அதை எழுதிக்கொடுத்தாலும் சீட்டோடு என் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். "டீச்சர், ரொம்ப வலிக்குமா? ஸ்டீராய்டு என்கிறார்களே, கிட்னி போய்விடாதா? இனி ஊசி இல்லாமல் இருக்க முடியாதா?" அவர்களுக்குத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு வலி ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதலில் கரும்பலகையின் மேல் வரிசையில் எழுத முடியாமல் போனது. பிறகு பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க முடியவில்லை. தலை பின்னவோ முதுகுப் பக்கம் கையைக் கொண்டுபோகவோ முடியாத நிலை கடைசியில் வந்தது. மூட்டில் இருக்கும் கோளாறுக்கு மேல்கையின் வெளிப்புறத்தில்தான் வலித்தது. பகலில் எப்படியோ சமாளித்தாலும் இரவில் வலப்பக்கம் புரண்டால் தூக்கம் போய்விடும். வாடைக்காற்று தோளில் ஏறிவிட்டது என்றார்கள் அக்கம்பக்கத்தார். கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய் தேய்த்துவிட்டார்கள். தேய்க்கும்போது இதமாகத்தான் இருந்தது, ஆனால் கை ஓர் அங்குலம்கூட மேலே ஏறவில்லை.

ராமநாதபுரத்தில் நான் பார்த்த எலும்பு மருத்துவர் முதலில் படம் எதுவும் கேட்கவில்லை. முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்துக்கொண்டு முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னார். வரவில்லை. அவரே என் கையைப் பிடித்து மெதுவாகத் திருப்பிப் பார்த்தார், அப்போதும் வரவில்லை. "நீங்கள் திருப்பினாலும் நான் திருப்பினாலும் ஒரே இடத்தில் நிற்கிறது. மூட்டைச் சுற்றியிருக்கும் உறை இறுகிவிட்டது" என்றார். உறைந்த தோள் என்று சொல்வது இதைத்தான். நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள் அதிகம் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். விட்டுவிட்டாலும் பெரும்பாலும் தானாக இளகும், ஆனால் அதற்கு ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுவரை ஆகலாம். எக்ஸ்ரேயில் எலும்பு சரியாகவே இருந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் HbA1c அளவுதான் 9 சதவீதத்தைத் தாண்டியிருந்தது.

அந்த அளவைப் பார்த்ததும் ஊசிப் பேச்சை அவர் தள்ளிவைத்தார். மூட்டில் போட்டாலும் ஸ்டீராய்டு மருந்து ரத்தத்தில் கொஞ்சம் கலந்து சில நாட்களுக்குச் சர்க்கரையை ஏற்றும். ஏற்கெனவே ஏறி நிற்பவருக்கு அது ஆபத்து, கிருமித் தொற்றுக்கான பயமும் கூடுதல். மாத்திரையை மாற்றி, சோற்றைக் குறைத்து, வெறும் வயிற்றுச் சர்க்கரை சில வாரங்கள் சீராக இருப்பதைக் காட்டிய பிறகுதான் மதுரைக்குச் சீட்டு எழுதினார். கேட்டவுடன் போட்டு அனுப்பாமல் காத்திருக்கச் சொன்ன அந்த நிதானத்தால்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

அவரும் ஊசி போடுபவர்தான். தோளைத் தொட்டு எலும்பின் முனைகளை அடையாளம் வைத்துப் போடுவார். எனக்கு உறை இறுகியதோடு தசைநாரில் கிழிசலும் இருக்குமோ என்ற சந்தேகம் அவருக்கு இருந்தது. அல்ட்ராசவுண்டில் என்றால் பார்ப்பதும் போடுவதும் ஒரே அமர்வில் முடிந்துவிடும் என்றுதான் அனுப்பினார். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஸ்கேன் இல்லாமல் போடும் ஊசி வீண் என்று இப்போது சிலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. தோள் வலிக்கு ஸ்கேன் பார்த்துப் போட்ட ஊசியையும் பார்க்காமல் போட்ட ஊசியையும் ஒப்பிட்டு 2021இல் வந்த, பல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு, வலி குறைவதிலும் கை இயங்குவதிலும் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு காணவில்லை. ஊசிமுனை சரியான இடத்தில் நிற்பது ஸ்கேனில் கூடுதல் உறுதி, அவ்வளவே. இடுப்பு மூட்டுபோல ஆழத்தில் இருப்பவற்றுக்குப் படம் பார்த்துப் போடுவது அவசியம் என்பது வேறு விஷயம். மதுரைக்குப் போக வசதியில்லாத ஒருவர், பழகிய கையுள்ள மருத்துவரிடம் உள்ளூரிலேயே போட்டுக்கொண்டால் எதையும் இழந்துவிட மாட்டார்.

துணைக்கு அம்மாவை அழைத்துப் போனேன். ஊசி போட்ட கையால் பை தூக்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பரமக்குடி, மானாமதுரை வழியாக மதுரை பஸ். கூட்டம் இல்லாத காலை நேரம். அம்மா இளவயதில் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசி பறித்தவர். கடலுக்குள் எதற்கும் பயப்படாதவர், ஊசி என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "எலும்புக்குள்ளேயா குத்துவார்கள் தாயி?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

ஸ்கேன் அறை வாசலில், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படாது, கேட்பதும் குற்றம் என்ற பலகை மாட்டியிருந்தது. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி அல்ட்ராசவுண்டு வைத்திருக்கும் எல்லா இடத்திலும் அது இருக்க வேண்டும். தோளைப் பார்க்கும் இடமும் விலக்கில்லை. கருவியைப் பதிவு செய்த இடத்தைவிட்டு நினைத்தபடி வெளியூருக்கு எடுத்துப் போகவும் முடியாது. கடற்கரைக் கிராமத்து முகாம்களில் ரத்தச் சோதனை கிடைக்கிறது, இது கிடைப்பதில்லை என்பதற்கு அதுவும் ஒரு காரணம். பெண் குழந்தைகளைக் காக்க வந்த சட்டம் என்பதால் எனக்கு அதில் மனக்குறை இல்லை.

கர்ப்பிணிகளுக்குப் பார்க்கும் அதே வகைக் கருவிதான். வயிற்றுக்கு வைப்பது வளைந்த முகமுள்ளது, தோளுக்கு வைப்பது தட்டையான, நீள்முகக் கருவி. ஆழம் குறைவாகவும் படம் நுணுக்கமாகவும் இருக்க வேண்டும் என்பதால் அதிக அதிர்வெண்ணில் இயங்கும். ஒலி அலைதான், கதிர்வீச்சு கிடையாது. குளிர்ந்த களிம்பைத் தடவி மருத்துவர் திரையைக் காட்டினார். மேலே தோல், அடியில் கொழுப்பு, அதற்கடியில் வரிவரியாகத் தசை, எல்லாவற்றுக்கும் கீழே வெள்ளைக் கோடாக எலும்பு. கையை லேசாக அசைக்கச் சொன்னார். எலும்பின் மேல் தசைநார் வழுக்கிப் போவது தெரிந்தது. கிழிசல் இல்லை. அசைகிற உடம்பை அசையும்போதே பார்க்க முடிவது எனக்குப் பெரிய வியப்பாக இருந்தது.

ஊசிக்கு முன் நிறையக் கேட்டார்கள். மருந்து ஒவ்வாமை உண்டா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேனா, காய்ச்சல் இருக்கிறதா, தோளருகில் புண் உண்டா, அன்று காலைச் சர்க்கரை எவ்வளவு. ஒப்புதல் தாளைப் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்திட்டேன். டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு 40 மில்லிகிராம், மரத்துப்போக லிக்னோகெயின், இறுகிய உறையை விரிக்கக் கொஞ்சம் உப்புநீர். ஸ்டீராய்டு மருந்து பால்போல வெளுத்திருந்தது. சின்னக் குப்பியைக் குலுக்கி எடுத்தார்கள், நின்றால் அடியில் படிந்துவிடுமாம்.

இடப்பக்கமாகப் படுக்கவைத்து வலக்கையை மார்புக்குக் குறுக்கே மடித்து வைத்தார்கள். மருத்துவர் என் முதுகுப் பக்கம், திரை என் முகத்துக்கு எதிரே. தோலை மரக்கச் செய்யும் முதல் குத்து மட்டும் சுருக்கென்றது. அதன்பின் திரையின் ஓரத்திலிருந்து ஒரு வெள்ளைக் கோடு சாய்வாக இறங்கி வந்தது. அதுதான் ஊசி. பார் என்று நாங்கள் சொல்லும் கடலடிப் பாறைத் திட்டுகளுக்கு இடையே வள்ளத்தை நுழைக்கும் ஓட்டியைப்போல அவர் அவசரமே இல்லாமல் நகர்த்தினார். கோடு நின்றது, சற்றுப் பின்வாங்கியது, கோணம் மாறியது, உருண்டையான எலும்பு முகட்டை ஒட்டி மீண்டும் நின்றது. மருந்து போனதும் அந்த முனைக்கருகில் ஒரு மெல்லிய இடைவெளி விரிவதைக் கண்ணால் பார்த்தேன். மேல்கை முழுவதும் கனத்து, உள்ளேயிருந்து அழுத்துவது போலிருந்தது. அது வலி அல்ல, விரியும் உறையின் பாரம். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிட்டது.

எழுந்து உட்கார்ந்ததும் கை முன்பைவிட எளிதாக உயர்ந்தது. அம்மா கண்கலங்கிக் கும்பிட்டார். மருத்துவர் உடனே தடுத்தார். "இது மரத்துப்போன சுகம். ஒன்றிரண்டு மணி நேரத்தில் தெளிந்துவிடும். உண்மையான மருந்து வேலை செய்யச் சில நாளாகும். நடுவில் வலி கூடினால் பயப்படாதீர்கள்" என்றார். சொன்னபடியே நடந்தது. மானாமதுரை தாண்டும்போதே குடைச்சல் தொடங்கி, அன்று இரவு ஊசிக்கு முந்தைய இரவுகளைவிட மோசமாக இருந்தது. தம்பி மீனுக்கு வாங்கிய ஐஸ் கட்டியை உடைத்துத் துண்டில் சுற்றிக் கொடுத்தான். அதை அவ்வப்போது தோளில் வைத்துக்கொண்டு, எழுதிக்கொடுத்த பாராசிட்டமாலும் போட்டேன். ஒன்றிரண்டு நாளில் தணிந்தது. இந்த இடைவலி பலருக்கு வரும். மாறாக, நாளாக நாளாக வீக்கமும் சிவப்பும் கூடினாலோ காய்ச்சல் அடித்தாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் மருத்துவரிடம் ஓட வேண்டும். மூட்டுக்குள் கிருமி போவது மிக அரிது, ஆனால் போனால் ஆபத்து.

மறுநாள் முகம் சிவந்து சூடாக இருந்தது. ஸ்டீராய்டு ஊசிக்குப் பின் சிலருக்கு, அதிலும் பெண்களுக்கு, இப்படி வந்து தானே போய்விடும். மாதவிலக்கும் ஒருமுறை முன்பின் ஆகலாம். பெண்களிடம் இதை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று நான் திடமாக நினைக்கிறேன். வீட்டுக் கருவியில் சர்க்கரை 280ஐத் தொட்டது. மருத்துவர் எதிர்பார்க்கச் சொன்னதுதான் என்பதால் அளவைக் குறித்துக்கொண்டே வந்தேன். ஒரு வாரத்துக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட்டது.

கிட்னி பயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மூட்டில் எப்போதாவது போடும் ஒரு ஸ்டீராய்டு ஊசி கிட்னியைக் கெடுத்துவிடாது. மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வலிமாத்திரைதான் கெடுக்கும், சர்க்கரைக்காரர்களுக்கு இன்னும் வேகமாக. எங்கள் ஊரில் அந்த மாத்திரைக்கு யாரும் பயப்படுவதில்லையே என்பதுதான் என் கவலை.

வலி அடங்கி நன்றாகத் தூங்கத் தொடங்கியபோது கை குணமாகிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். அடங்கியது வலிதான், இறுக்கம் அப்படியே இருந்தது. ஊசியின் பலன் சில வாரங்கள், அதிகம் போனால் சில மாதங்கள். அந்த அவகாசத்தில் கையை மீட்டுக்கொள்வது நம் வேலை. ராமநாதபுரத்து பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுத்ததை வீட்டில் செய்தேன். குனிந்து கையைத் தளரவிட்டு ஊசலாட்டுவது, கழியைப் பிடித்து முன்கையை வெளிப்பக்கம் தள்ளுவது, வேப்பங்கிளையில் படகுக் கயிற்றைப் போட்டு நல்ல கையால் இழுத்து மற்றக் கையை உயர்த்துவது. சுவரில் விரல்களை ஏற்றி, எட்டிய இடத்தில் சாக்பீஸால் கோடு போடுவேன். சில நாள் கோடு ஏறும், சில நாள் நேற்றைய கோட்டுக்கே எட்டாது. வலி தாங்காமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நான் இழுத்தபோதெல்லாம் அம்மாதான் அதட்டினார்: "மூச்சை விடு தாயி. அடக்குவது தண்ணீருக்குள்ளே மட்டும்தான்." பிசியோதெரபிஸ்ட் சொன்னதும் அதுவே.

ஊசிக்குப் போகிறவர்கள் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எந்த இடத்தில் என்பதை எழுதி வாங்குங்கள். அடுத்த மருத்துவருக்கு அது வேண்டும். ஒரே மூட்டில் அடிக்கடி போடக் கூடாது, ஆண்டுக்கு மூன்று நான்குக்கு மேல் வேண்டாம் என்பதே பொதுவான வழக்கம். ஸ்கேனுக்கும் ஊசிக்கும் கட்டணம் தனித்தனியா என்று முன்பே கேளுங்கள். எல்லா வலிக்கும் இது மருந்தும் அல்ல. குதிகால் நாரில் ஸ்டீராய்டு போட்டால் நார் அறுந்துபோகக்கூடும். வலை இழுத்து முழங்கையின் வெளிப்புறம் வலிப்பவர்களுக்கு முதல் சில வாரம் பிரமாதமாகக் கேட்கும், ஓராண்டு கழித்துப் பார்த்தால் ஊசி போடாதவர்களே நன்றாக இருக்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. விசைப்படகில் போகிறவர்கள் தோளுக்குச் சிகிச்சை எடுப்பதானால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். பாரம் தூக்காமல் பயிற்சி செய்ய அதைவிட நல்ல காலம் அவர்களுக்குக் கிடைக்காது.

இப்போது கரும்பலகையின் மேல் வரிசையில் எழுதுகிறேன். பஸ் கம்பி கைக்கு எட்டுகிறது. முதுகுப் பக்கம் மட்டும் இன்னும் முழுதாகப் போகவில்லை, கயிற்றை விடவில்லை. அம்மாவின் தோளையும் ராமநாதபுரத்தில் காட்டி ஸ்கேன் எடுத்தோம். அவருக்கு உறை இறுகவில்லை. தசைநாரில் பழைய கிழிசல். ஊசி இப்போது வேண்டாம், பயிற்சியில் பார்ப்போம் என்றிருக்கிறார் மருத்துவர். அடுத்த வாரத்திலிருந்து வேப்பமரத்துக் கயிற்றில் அவருக்கும் முறை உண்டு.