எங்கே போனது அந்த மூன்று நிமிடம்? – ஒரு ஹைராக்ஸ் நாட்குறிப்பு

மார்ச் 9, ஞாயிறு

நேற்று, நான் பயிற்சி தரும் பெண்ணுடைய ஹைராக்ஸ் பந்தயம். ஓட்டமும் உடற்பயிற்சி நிலையங்களும் மாறி மாறி வரும் போட்டி. 1 மணி 31 நிமிடம் 23 வினாடி. நாங்கள் குறி வைத்திருந்தது 1:28.

முடிவுக்கோட்டைத் தாண்டி வந்து தரையில் உட்கார்ந்தவள், தண்ணீரைக்கூட வாங்காமல் சொன்னாள்: "வால் பால்லதான்கா போச்சு. கையில பலமே இல்ல." வால் பால் என்றால், குந்தி எழுந்து 4 கிலோ பந்தை 2.7 மீட்டர் உயரத்திலுள்ள இலக்கில் 100 முறை எறிந்து அடிக்க வேண்டும். அதில் ஏழு நோ ரெப், அதாவது கணக்கில் சேராதவை. ஒவ்வொரு முறை நடுவர் மறுத்தபோதும் அவள் தோள் தொங்கிப்போனதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் அவள் சொன்னதும் தலையாட்டிவிட்டேன்.

ராத்திரி முழுக்க அந்தத் தலையாட்டல்தான் உறுத்துகிறது. எதையும் பார்க்காமலே ஒத்துக்கொண்டிருக்கிறேன். இந்த வாரம் உட்கார்ந்து ஒழுங்காகப் பார்க்கப் போகிறேன்.

மார்ச் 10, திங்கள்

ஹைராக்ஸில் ஒரு வசதி உண்டு. 2017-ல் ஜெர்மனியில் தொடங்கிய போட்டி இது. எந்த ஊரில் நடந்தாலும் நிலையங்களின் வரிசை மாறாது. ஒரு கிலோமீட்டர் ஓட்டம், ஒரு நிலையம், மறுபடி ஓட்டம், அடுத்த நிலையம் என்று எட்டு முறை. ஸ்கீஎர்க் (பனிச்சறுக்கு அசைவில் கைப்பிடிகளை இழுக்கும் இயந்திரம்) 1000 மீட்டர், ஸ்லெட் (பாரம் ஏற்றிய சறுக்குப் பலகை) தள்ளுவது 50, கயிற்றால் இழுப்பது 50, பர்ப்பி பிராட் ஜம்ப் (தரையில் படுத்து எழுந்து முன்னால் தாவுவது) 80, ரோயிங் (துடுப்பு இயந்திரம்) 1000, ஃபார்மர்ஸ் கேரி (இரண்டு கையிலும் எடையோடு நடப்பது) 200, மணல் மூட்டையோடு லஞ்ச் (முழங்காலை மடக்கித் தாழ்ந்து எட்டு வைப்பது) 100 மீட்டர், கடைசியில் வால் பால். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நேரம் கிடைத்துவிடும்.

ஓட்டங்களை மட்டும் ஒரு தாளில் எழுதினேன்: 4:42, 5:14, 5:51, 5:49, 5:56, 5:38, 5:41, 6:02.

அந்த 4:42-ஐ விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. புத்துணர்ச்சியோடு 10 கிலோமீட்டர் மட்டும் ஓடினால் இவளுடைய வேகம் கிலோமீட்டருக்கு 5:05. எட்டு நிலையங்கள் காத்திருக்கும் நாளில் அதைவிட 23 வினாடி வேகமாகக் கிளம்பியிருக்கிறாள். மூன்றாவது கிலோமீட்டருக்குள் ஒரு நிமிடத்துக்கு மேல் சரிந்துவிட்டது.

அரங்கத்துக்கு அரங்கம் ஓடுபாதையின் சுற்று வேறுபடும், கூரைக்கடியில் கடிகாரத்தின் ஜிபிஎஸ்ஸையும் நம்ப முடியாது. அதனால் இந்த எண்களை வெளியே ரோட்டில் ஓடிய நேரத்தோடு அப்படியே வைத்துப் பார்ப்பது சரியில்லை. ஆனால் அவளுடைய ஒரு ஓட்டத்தை அவளுடைய இன்னொரு ஓட்டத்தோடு வைத்துப் பார்க்கலாம். வேகமானதற்கும் மெதுவானதற்கும் நடுவில் 80 வினாடி. பாதையின் அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் 80 வினாடி வராது.

மார்ச் 11, செவ்வாய்

இன்று ஸ்கீஎர்க் மட்டும். 4:38-ல் முடித்திருக்கிறாள், அதாவது 500 மீட்டருக்கு 2:19. பயிற்சியில் அவள் மூச்சு வாங்காமல் பிடிக்கும் வேகம் 2:28. பார்த்த உடனே "பரவாயில்லையே, 18 வினாடி லாபம்" என்றுதான் எனக்கும் தோன்றியது.

ஆனால் அந்த இயந்திரத்தில் வேகமும் சக்தியும் ஒரே அளவில் ஏறுவதில்லை. ஒரு மீட்டருக்கு எத்தனை வினாடி என்று பார்த்து, அந்த எண்ணை மூன்று தடவை ஒன்றோடொன்று பெருக்கி, வருவதால் 2.8-ஐ வகுத்தால் வாட் கிடைக்கும். 2:28-க்கு 108 வாட். 2:19-க்கு 130. பதினெட்டு வினாடியை மிச்சம் பிடிக்க 20 சதவீதம் கூடுதல் சக்தி, அதுவும் தன் அளவுக்கு மீறி ஓடிய ஒரு கிலோமீட்டருக்கு அடுத்த நிமிடமே. அதற்குப் பின்னால் காத்திருந்தது ஸ்லெட்.

ஸ்கீஎர்க்கில் நிதானமாகப் போனால் போவது பத்திருபது வினாடிதான். அங்கே அடித்துப் பிடித்தால் அதன் கடன் பின்னால் நிமிடக் கணக்கில் வரும். இதை இவளுக்கு நான் ஒரு முறைகூட எண்களோடு சொன்னதில்லை.

மார்ச் 13, வியாழன்

அவள் தம்பி வேலி ஓரமாகவே கூட ஓடி ஓடி வீடியோ எடுத்திருக்கிறான். கை நடுக்கத்தில் படம் ஆடுகிறது, ஆனாலும் தங்கம். நான்கு தடவை பார்த்துவிட்டேன்.

ஸ்லெட் தள்ளுவது 12.5 மீட்டர் வீதம் நான்கு தடவை. ஸ்லெட்டோடு சேர்த்து 102 கிலோ. அவளுக்கு ஆனது 29, 36, 54, 66 வினாடி, மொத்தம் 3:05. முதல் தடவை முதுகு தாழ்ந்து, கை மடங்கி, சின்னச் சின்ன அடியாக அழகாகத் தள்ளுகிறாள். மூன்றாவதில் இடுப்பு மேலே எழும்பிவிட்டது. கம்பியைத் தள்ளுவதற்குப் பதிலாக அதன்மேல் சாய்ந்து நிற்கிறாள். நான்காவதில் இரண்டு முறை நின்றுவிட்டாள். கம்பளத்தில் நின்றுபோன ஸ்லெட்டை மறுபடி அசைக்கத்தான் அதிகப் பலம் வேண்டும். நின்ற ஒவ்வொரு தடவையும் அந்த விலையைக் கொடுத்திருக்கிறாள்.

இழுக்கும்போது நடந்தது வேறு. உடம்பைப் பின்னால் சாய்த்து, நாலு அடி பின்னால் நடந்து கயிற்றை இழுக்காமல், நின்ற இடத்திலேயே கை மாற்றிக் கை மாற்றி இழுக்கிறாள். இழுத்த கயிறு காலடியிலேயே குவிகிறது. ஒரு இடத்தில் இடது ஷூ கயிற்றின்மேல் நிற்க, அதே கயிற்றை அவளே இழுக்கிறாள். ஸ்லெட் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நிமிர்ந்து ஸ்லெட்டைப் பார்க்கிறாள், காலைப் பார்க்கவில்லை. அந்த இடத்தில் வீடியோவை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ராக்ஸ்ஸோன், அதாவது ஓட்டத்துக்கும் நிலையத்துக்கும் நடுவிலுள்ள பகுதி, மொத்தம் 8:20. அந்த நேரத்தை நாங்கள் தனியாகப் பயிற்சி செய்ததே இல்லை. தள்ளி முடித்து முழங்காலில் கையூன்றி நின்றது 16 வினாடி. இழுத்து முடித்து 21. வால் பாலுக்கு முன்னால் பந்தைப் பார்த்துக்கொண்டே நின்றது 34. மூன்று இடத்தில் மட்டும் 71 வினாடி.

கடைசியாக வால் பால். ஏழு நோ ரெப்பையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். பந்து இலக்கைத் தொடாதது இரண்டே இரண்டு. மற்ற ஐந்தும் சரியாக உட்காராததால் போனவை. இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கவே இல்லை. முதல் 30-ல் ஒரு தவறுகூடக் கிடையாது.

அப்படியானால் கை இல்லை. தொடை.

மார்ச் 14, வெள்ளி

தூக்கம் வராமல், பந்தயத்துக்கு முந்தைய ராத்திரி அவளுக்கு நான் அனுப்பிய செய்திகளைத் திறந்து பார்த்தேன். மூன்றாவது வரி: "கூட்டத்துல மாட்டிக்காத. முதல் கிலோமீட்டர்லயே முன்னாடி போயிடு."

நான்தான் சொல்லியிருக்கிறேன். 4:42 அவளுடைய அவசரம் இல்லை. சொன்னபடி செய்திருக்கிறாள்.

மார்ச் 15, சனி

நேரில் போய்ச் சொன்னேன். தாளை முன்னால் வைத்து, ஓட்டங்களைக் காட்டி, வாட் கணக்கைக் காட்டி, கடைசியில் அந்தச் செய்தியையும் காட்டினேன். "இது என் தப்பு. நீ கையை நொந்துக்கிட்டு ஒரு வாரம் ஓட்டிட்ட."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அக்கா, நானும்தான் எல்லாரும் ஓடுறாங்கன்னு ஓடினேன். உங்க செய்தி இல்லாட்டியும் ஓடியிருப்பேன்" என்றாள். என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொல்கிறாள் என்று தெரியும். அதையும் மீறி அதில் உண்மை இருக்கிறது. பாட்டுச் சத்தமும் கூட்டமும் பக்கத்தில் பத்துப் பேரும் சேர்ந்தால் 4:42 ஒன்றுமே இல்லாத மாதிரிதான் இருக்கும். மூச்சு முட்டுவது ஐந்து நிமிடம் கழித்துத்தான் தெரியும்.

"அப்ப வால் பால் பிராக்டிஸ் வேண்டாமா?" என்று கேட்டாள்.

"வேணும். ஆனா கைக்கு இல்ல."

ஒரு பரிசோதனை செய்வதாக முடிவு செய்தோம். ஓட்டம், ஸ்கீஎர்க், ஓட்டம், ஸ்லெட் தள்ளுவது, ஓட்டம். ஒரு ஞாயிறு பந்தயத்தில் போன மாதிரியே. அடுத்த ஞாயிறு அடக்கி.

மார்ச் 23, ஞாயிறு

முதல் பரிசோதனை. 4:44, 4:40, 5:12, 3:02, 5:50. மொத்தம் 23:28.

பந்தயத்தை அப்படியே பிரதி எடுத்த மாதிரி வந்திருக்கிறது. முடிந்ததும் நாடித்துடிப்பு 184. மார்பில் கட்டும் பட்டையில் அளந்தது. கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கும் நிலையங்களில் மணிக்கட்டுக் கடிகாரம் காட்டும் துடிப்பை நம்புவதை விட்டுவிட்டேன். அரை மணி நேரம் கழித்தும் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

இரண்டாவது பரிசோதனை. முதல் கிலோமீட்டர் முழுக்க பக்கத்தில் நான் ஓடினேன். இரண்டு முறை முன்னால் போகப் பார்த்தாள். இரண்டு முறையும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

5:05, 4:55, 5:14, 2:41, 5:19. மொத்தம் 23:14.

முதல் இரண்டு துண்டிலும் சேர்த்து 36 வினாடி மெதுவாகப் போனவள், முடிக்கும்போது 14 வினாடி முன்னால் இருக்கிறாள். நாடித்துடிப்பு 176. ஸ்லெட்டில் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. "இன்னும் போகலாம்க்கா" என்றாள். முகத்தைப் பார்த்தால் நிஜமாகவே போயிருப்பாள்.

இதைப் பெரிய நிரூபணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒவ்வொரு விதத்தையும் ஒரு முறைதான் செய்திருக்கிறோம், எது எந்த வாரம் என்று அவளுக்கு முன்பே தெரியும், ஒரு வாரப் பயிற்சியும் கூடியிருக்கிறது. எங்கள் தரை பந்தயக் கம்பளம் மாதிரி பிடிக்கவும் பிடிக்காது, அதனால் அந்த 2:41-ஐ பந்தயத்து 3:05-ஓடு வைத்துப் பேசக் கூடாது. இருந்தாலும் ஸ்லெட்டுக்குப் பிந்தைய கிலோமீட்டர் 31 வினாடி குறைந்திருக்கிறது. அந்த ஒரு எண்ணைத்தான் நம்புகிறேன்.

ஏப்ரல் 3, வியாழன்

கயிறு மட்டும். பாரம் பாதி. உட்காருவது போலச் சாய், பின்னால் மூன்று அடி, முன்னால் வந்து தொய்வை எடு, மறுபடி சாய். இழுத்த கயிற்றை ஒவ்வொரு முறையும் வலது பக்கம் தள்ளிவிட வேண்டும். இருபது முறை செய்தாள். பன்னிரண்டாவதிலிருந்து நான் சொல்லாமலே கயிறு வலது பக்கம் போனது.

ஏப்ரல் 8, செவ்வாய்

ராக்ஸ்ஸோனுக்கு ஒரே விதி வைத்தோம்: நிற்கக் கூடாது. நடக்கலாம், எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும். மூச்சை நடந்துகொண்டே பிடித்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

இன்று பந்தயத்தின் பின்பாதியை எடுத்தோம். ஃபார்மர்ஸ் கேரி, ஓட்டம், 10 கிலோ மூட்டையோடு 100 மீட்டர் லஞ்ச், ஓட்டம், வால் பால் 100. அதற்கு முன்னால் தொடை களைக்கட்டும் என்று நான்கு தடவை ஸ்லெட்.

வால் பாலை 25 வீதம் நான்காகப் பிரித்தோம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஐந்து மூச்சு, ஆறாவது மூச்சுக்கு முன்னால் பந்து கையில் இருக்க வேண்டும். நான்தான் நடுவர். முழங்கால் உயரத்துக்குத் தரையில் குனிந்து உட்கார்ந்து ஒவ்வொரு இறக்கத்தையும் பார்த்தேன். சந்தேகம் வந்தால் நோ ரெப் என்று முன்பே சொல்லியிருந்தேன். 62-லும் 88-லும் மறுத்தேன். 88-ல் என்னை முறைத்தாள். ஆனால் அடுத்ததில் நன்றாகவே இறங்கினாள்.

5:31. பந்தயத்தில் 6:25.

பந்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் முகத்துக்கு நேரே விரித்து, மடக்கிப் பார்த்தாள். பிறகு குனிந்து முழங்காலுக்கு மேலே அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ஆமாக்கா. இங்கதான்" என்றாள்.

நாளைக்கு ஓய்வு. செவ்வாய்க்கிழமை மூட்டையோடு லஞ்ச் பயிற்சி.