கென்ட் ரிட்ஜிலிருந்து ஆயர் ராஜா வரை

மதுரைப் பக்கத்திலிருந்து முனைவர் பட்டம் படிக்க சிங்கப்பூர் வந்தவன் நான். துறை டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ். பல கணினிகளை ஒன்றாகச் சேர்த்து வேலை வாங்குவது, அதில் ஒன்றிரண்டு நின்றுபோனாலும் தரவு தொலையாமல் காப்பது, அதுதான் வேலை. இப்போது அதையே ஒரு சின்ன நிறுவனமாக, நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்ற கட்டற்ற மென்பொருளாகச் செய்துகொண்டிருக்கிறோம். ஊரிலிருந்து பேசுகிற தம்பி தங்கைகள் திரும்பத் திரும்பக் கேட்பது இரண்டு கேள்வி: ஆராய்ச்சிக்கு வந்தவர் எப்படிக் கம்பெனி ஆரம்பித்தீர்கள், நிரலை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு எதைத்தான் விற்கிறீர்கள்? சிங்கப்பூரைச் சொல்லாமல் இரண்டுக்கும் பதில் சொல்ல முடியாது.

தமிழனுக்கு இந்த ஊர் வெளிப்பார்வைக்குச் சுலபம். ரயிலில் பாதுகாப்பு அறிவிப்பு தமிழில் வருகிறது, வானொலியில் ஒலி 96.8 இருக்கிறது, தேக்கா சந்தையில் முருங்கைக்காய் கிடைக்கிறது. கிளமெண்டி பகுதியில் ஒரு வீவக (அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் அறை கிடைத்தது. வீட்டுக்கார அம்மா மூன்றாம் தலைமுறைச் சிங்கப்பூர்த் தமிழர், "சமைச்சுக்கோப்பா, மீன் பொரிச்சா மட்டும் அறைக் கதவையெல்லாம் சாத்திடு" என்று ஒரே ஒரு விதிதான் போட்டார். ஆய்வுக்கூடம்தான் வேறு உலகம். சீனா, வியட்நாம், இந்தோனேசியா என்று ஆளுக்கொரு ஊர், மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூட மேசைக்கு ஒரு மொழி ஓடும். பேச ஆள் இல்லாத அந்த முதல் வருடத்தில் வார இறுதிகளில் தேசிய நூலகத்துக்குப் போய்விடுவேன். 1997இல் தமிழ் இணையத்துக்கான முதல் மாநாடு இந்த ஊரில்தான் நடந்தது, அதற்குப் பின்னால் நா. கோவிந்தசாமி என்ற ஆசிரியரின் உழைப்பு இருந்தது, 2000இல் இங்கே கூடிய மாநாட்டில்தான் உத்தமம் என்ற உலகத் தமிழ் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவானது என்பதையெல்லாம் அங்கேதான் படித்தேன். நமக்கு முன்னாலேயே இந்த மண்ணில் ஆட்கள் கணினியோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள் என்ற எண்ணம் அப்போது பெரிய தெம்பாக இருந்தது.

சரி, ஆராய்ச்சிக்கு வருகிறேன். பல சர்வர்கள் ஒரே முடிவுக்கு எப்படி வருவது என்பதற்கு லெஸ்லி லாம்போர்ட்டின் பாக்ஸோஸ் கட்டுரை 1998இல் வெளியானது. அது சரியானதுதான், ஆனால் அதைப் புரிந்துகொண்டு நிரலாக எழுதுவது பெரிய பாடு. 2014இல் ஸ்டான்ஃபோர்டின் டியேகோ ஓங்கரோவும் ஜான் ஓஸ்டர்ஹவுட்டும் அதே வேலைக்கு ராஃப்ட் என்ற முறையைக் கொடுத்தார்கள். புரிய வேண்டும் என்பதையே நோக்கமாக வைத்து எழுதினார்கள். விளைவு, பல சர்வர்களில் மென்பொருளை ஓட்டி நிர்வகிக்கும் குபெர்னெட்டஸுக்கு அடியில் தரவு காக்கும் எட்சிடி உட்பட எத்தனையோ மென்பொருள்களில் இன்று ராஃப்ட்தான் ஓடுகிறது. பெருந்தரவை அலசும் ஸ்பார்க் என்ற மென்பொருளும் அப்படித்தான் ஆராய்ச்சியிலிருந்து புழக்கத்துக்கு வந்தது. 2009இல் பெர்க்லியில் ஆய்வாகத் தொடங்கி, 2010இல் கட்டற்ற மென்பொருளாகி, 2013இல் அதைச் செய்தவர்களே டேட்டாபிரிக்ஸ் நிறுவனம் தொடங்கினார்கள். ஏன், இங்கே சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பிறந்த சிங்கா என்ற மென்பொருளும் கட்டற்ற மென்பொருள்களைப் பேணும் அப்பாச்சி அறக்கட்டளையின் திட்டமாக இருக்கிறது. ஒரு கட்டுரையை மதிப்பிடுகிறவர் நம் நிரலை நள்ளிரவில் ஓட்டிப் பார்ப்பதில்லை, வட்டு நிரம்பி நெட்வொர்க் பாதி அறுந்து கடிகாரம் விலகிப் போகிற நேரத்தில் அது என்ன செய்கிறது என்று காட்டுகிறவர்கள் அதைப் பயன்படுத்துகிறவர்கள்தான். எனக்கு நல்ல ஆராய்ச்சிக் கேள்விகள் பெரும்பாலும் அவர்கள் அனுப்பிய பிழை அறிக்கைகளிலிருந்துதான் வந்தன.

இந்தத் துறைக்கு சிங்கப்பூர் எவ்வளவு பொருத்தமான இடம் என்பது வந்த பிறகுதான் புரிந்தது. 2002இல் போட்ட ஐ2ஐ கடலடிக் கேபிள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே சுமார் 3,200 கிலோமீட்டர் ஓடுகிறது. ஒளியிழையில் ஒளியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர். ஆக, ஒரு செய்தி போய்ப் பதில் திரும்பக் குறைந்தது 32 மில்லிநொடி வேண்டும், எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக நிரல் எழுதினாலும் அதற்குக் கீழே இறங்க முடியாது. ராஃப்ட்டில் ஐந்து சர்வர் வைத்தால் மூன்று ஒப்புக்கொண்டதும் எழுதியது உறுதியாகிவிடும், இரண்டு போனாலும் வேலை நடக்கும். ஆனால் அந்த ஐந்தையும் எங்கே வைப்பது? மூன்றை சிங்கப்பூரிலேயே வைத்தால் வேகம் கிடைக்கும், இங்கே மூன்றும் ஒன்றாக விழுந்தால் எல்லாம் நின்றுவிடும். பரப்பி வைத்தால் தரவை எழுதும் ஒவ்வொரு முறையும் கடல் தாண்டிப் போய் வர வேண்டும். 2019இலிருந்து 2022 வரை இங்கே புதிய தரவு மையங்களுக்கு அனுமதி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது, பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியாவின் ஜோகூரில் மளமளவென்று கட்டினார்கள், அதனால் பாலத்துக்கு இந்தப் பக்கம் சில சர்வர், அந்தப் பக்கம் சில சர்வர் என்பது இங்குள்ளவர்களுக்கு அன்றாட வடிவமைப்புக் கேள்வியாகிவிட்டது.

2023 அக்டோபரில் ஒரு தரவு மையத்தில் குளிரூட்டும் அமைப்பு கோளாறாகி இரண்டு பெரிய வங்கிகளின் சேவை மணிக்கணக்கில் முடங்கியது. இரண்டுக்கும் மாற்று மையம் இருந்தது, ஆனால் அதற்கு மாறுவது நினைத்தபடி முழுமையாக நடக்கவில்லை. அன்று கையில் காசில்லாமல் உணவங்காடியில் நின்றவர்களை நானே பார்த்தேன். வேண்டுமென்றே கோளாறை உண்டாக்கி அடிக்கடி சோதித்துப் பார்க்காத மாற்று ஏற்பாட்டை நம்பக் கூடாது என்பது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதை ஒரு நிர்வாகக் குழுவுக்குப் புரியவைக்க அதுவரை ஆண்டுக்கணக்காகும். அதற்குப் பிறகு எங்களோடு பேச வந்தவர்கள் கேட்ட கேள்விகளே மாறிவிட்டன.

இனி பாஸ் கதை, அதாவது வெளிநாட்டவர் இங்கே வேலை செய்ய வாங்க வேண்டிய அனுமதியின் கதை. படித்து முடித்து ஆய்வாளராகச் சேர்ந்தபோது எம்ப்ளாய்மென்ட் பாஸ் கிடைத்தது. அது வேலை கொடுத்தவரோடு கட்டப்பட்டது, அதை வைத்துக்கொண்டு சொந்தத் தொழில் நடத்த முடியாது. தொழில் தொடங்க வருகிறவர்களுக்கு ஆன்ட்ரே பாஸ் என்று தனியாக இருக்கிறது. முதலீடு பெற்றிருக்கலாம், அறிவுசார் சொத்து வைத்திருக்கலாம், உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தோடு ஆராய்ச்சிக் கூட்டு இருக்கலாம், இப்படிச் சில தகுதிகளில் ஒன்று வேண்டும். ஏற்கெனவே நிறுவனம் பதிவு செய்திருந்தால் அது ஆறு மாதத்துக்குள் பதிவானதாக இருக்க வேண்டும். இந்த ஆறு மாதக் கணக்குதான் முக்கியம். நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு ஆணையமான அக்ராவில் பதிவு செய்ய 315 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்), பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடும், அந்த வேகத்தைப் பார்த்து முதலில் பதிவு செய்துவிடத் தோன்றும். நாங்கள் அப்படிச் செய்யவில்லை. ஆய்வு நிதியில் எழுதிய நிரல் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம், அதைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட எழுத்தில் அனுமதி வேண்டும், அது நத்தை வேகத்தில்தான் வந்தது. அது கைக்கு வந்த பிறகுதான் பதிவு, அப்புறம் பாஸ் விண்ணப்பம்.

பதிவுக்கு உள்ளூர்வாசி ஒருவர் இயக்குநராக வேண்டும். ஆய்வுக்கூடத்தில் எனக்கு முன்னால் முடித்த ஒரு அக்கா, ஈப்போவில் பிறந்து இங்கே நிரந்தரவாசியானவர், நல்ல வேலையை விட்டுவிட்டு வந்தார். "நீ நிரலைப் பாரு, பேங்க் ஆளுங்கள நான் பாத்துக்கிறேன்" என்று சொன்னதை இன்றுவரை அப்படியே செய்கிறார். ஆயர் ராஜா கிரசெண்டில் ஒரு சின்ன அறை. பல்கலைக்கழகம் இருக்கும் கென்ட் ரிட்ஜிலிருந்து பேருந்தில் கொஞ்ச நேரம்தான், எனக்கு அந்தத் தூரத்தைக் கடக்க ஆண்டுகள் ஆயின.

உரிமம் பற்றித்தான் நாங்கள் அதிகம் வாதாடினோம். 2018இல் மோங்கோடிபி, 2021இல் எலாஸ்டிக், 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப், 2024 மார்ச்சில் ரெடிஸ் என்று கட்டற்ற மென்பொருள் செய்த நிறுவனத்தார் வரிசையாக உரிமத்தை இறுக்கினார்கள். பெரிய கிளவுட் நிறுவனங்கள் தங்கள் உழைப்பை எடுத்து விற்கின்றன என்ற அவர்கள் ஆதங்கத்தில் நியாயம் உண்டு. ஆனால் பிழை திருத்தி அனுப்பிய வெளியாட்களின் நம்பிக்கை போய்விட்டது, ஹாஷிகார்ப்பின் டெராஃபார்மிலிருந்து பிரிந்து ஓப்பன்டோஃபுவும், ரெடிஸிலிருந்து பிரிந்து வால்கீயும் பிறந்தது அதனால்தான். டெராஃபார்ம் மோசில்லா பொது உரிமத்தில்தான் இருந்தது. பங்களிப்பாளர்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த ஒப்பந்தம் இருந்ததால் நிறுவனத்தால் அதை மாற்ற முடிந்தது. அதனால் நாங்களும் அதே உரிமத்தின் 2.0 பதிப்பை எடுத்துக்கொண்டு, அந்த ஒப்பந்தத்தை மட்டும் வேண்டாம் என்று வைத்தோம். மற்றவர்கள் எழுதியது அவர்களுடையது, அவர்களைக் கேட்காமல் நாளைக்கு எங்களாலேயே அதன் உரிமத்தை மாற்ற முடியாது. இதைப் பார்த்து விலகிய முதலீட்டாளர்கள் உண்டு, அதில் எனக்கு வருத்தமில்லை.

வாடிக்கையாளர்களிடம் அதுவே எங்களுக்குக் கை கொடுத்தது. வங்கியோ மருத்துவமனையோ, சின்ன நிறுவனத்திடம் முதலில் கேட்பது, நாளைக்கு நீங்கள் மூடிவிட்டால் எங்கள் தரவு என்ன ஆகும் என்பதுதான். என் பாஸ் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டியது, இல்லையென்றால் ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான், அதை மறைக்க நான் விரும்பியதே இல்லை. நிரல் முழுவதும் உங்கள் கையில் இருக்கிறது, நாங்கள் இல்லாவிட்டாலும் வேறு யாராவது அதை நடத்த முடியும் என்று காட்டினேன். காசு வருவது இரவு பகலாகத் தாங்கும் ஆதரவு ஒப்பந்தத்திலிருந்தும், அவர்களுக்காக நாங்களே ஓட்டிக் கொடுப்பதிலிருந்தும். தீபாவளி அன்று காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு மடிக்கணினி முன்னால் உட்கார வேண்டி வரும், கலிஃபோர்னியாக்காரர்களோடு பேச விடியற்காலையில் எழ வேண்டும். வீட்டில் இதற்கு ஈடுகொடுக்கிற மனைவிக்கு நான் பட்ட கடன் பெரிது.

வர நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். படிப்பிலோ வேலையிலோ சேரும்போது கையெழுத்துப் போடும் தாளில் அறிவுசார் சொத்துப் பகுதியை வரி வரியாகப் படியுங்கள், ஓய்வு நேரத்தில் எழுதும் நிரலும் அதில் அடங்குமா என்று எழுத்திலேயே கேளுங்கள், பதில் வரும்வரை பொதுவில் எதையும் ஏற்றாதீர்கள்.