வெட்டாற்றுச் சேற்றில் ஒரு பச்சை மினுக்கம்

சாயமே இல்லாமல், செல்கள் அடுக்கிக்கொள்ளும் விதத்தாலேயே நிறம் காட்டும் பாக்டீரியாக்கள் உண்டு. அவற்றைத் தேடி, நாகூர்ப் பக்கம் வெட்டாறு கடலில் கலக்கிற இடத்துச் சேற்றை எடுத்து வந்து போட்ட தட்டுகளில் ஒன்று ஒருவழியாக மினுக்கியிருக்கிறது. ஒரு பாக்டீரியாக் கூட்டத்தின் ஓரம் மட்டும்தான். டார்ச்சைச் சாய்த்தால் பச்சை, இன்னும் சாய்த்தால் நீலம், நேர் மேலே பிடித்தால் அழுக்கு மஞ்சள்.

செய்முறை பெரிதாக ஒன்றுமில்லை. வடிகட்டிய கடல் தண்ணீர், மளிகைக் கடைக் கடல்பாசி, துளி ஈஸ்ட் சாறு. குக்கரில் வெயிட் போட்டு இறக்கி, தட்டில் ஊற்றி, டேப் ஒட்டி மூடிவிட வேண்டும். சத்து கூடினால் கொழகொழவென்று தடித்து வளர்கிறது, மினுக்கம் வருவதில்லை. பட்டினி போட்டால்தான் மெல்லப் பரவுகிறது. அடியில் கறுப்புச் சார்ட் வைத்தால் நிறம் எடுப்பாகத் தெரியும். சித்திரை வெயிலுக்கு இது சரிப்படவில்லை. மார்கழிக் குளிரில் போட்டதுதான் தேறியது.

சாயமா இல்லையா என்று பார்க்க, மினுக்கிய இடத்தை ஊசியால் கலக்கினேன். நிறம் போய்விட்டது. செல்கள் அதே செல்கள்தான். அடுக்கு மட்டும் குலைந்தது. சாயமென்றால் கலக்கினாலும் இருந்திருக்கும். (நடவு வயல் தண்ணீரில் எண்ணெய் போல மிதக்குமே, குச்சியால் தொட்டால் சில்லு சில்லாக உடையும், அது இரும்புப் பாக்டீரியாவின் படலம். அதிலும் சாயம் கிடையாது, ஆனால் அது வேறு கணக்கு.)

இந்த விஷயத்தில் பேர் போனது ஐஆர்1 என்கிற, ஃப்ளேவோபாக்டீரியம் இனத்துப் பாக்டீரியா. நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகச் சேற்றில் கிடைத்தது. குச்சி குச்சியான செல்கள் சறுக்கி நகர்ந்து, கோரைக் கட்டைக் குறுக்கே வெட்டினால் தெரிவதுபோல அறுகோணமாக நெருங்கிப் படுத்துக்கொள்கின்றன. அந்த இடைவெளிதான் பச்சையைத் திருப்பி அனுப்புகிறது. 2018இல் கேம்பிரிட்ஜ் குழுவினரும் நெதர்லாந்துக்காரர்களும் இதன் ஜீன்களைக் குலைத்து, நிறம் மாறிய கூட்டங்களை ஆராய்ந்தார்கள். மாறியிருந்தது செல்லின் வடிவம், நகர்வு, ஒன்றையொன்று ஒட்டும் விதம், அடுக்கின் ஒழுங்கு. பச்சைக்கென்று தனி ஜீன் இல்லை. ஒழுங்காகப் படுக்கத் தெரிந்தால் நிறம் தானாக வருகிறது. எனக்குப் பிடித்ததே இதுதான். வீட்டில் ஜீனைத் தொட முடியாது, தொடவும் கூடாது. சத்தையும் கடல்பாசியின் இறுக்கத்தையும் மாற்றி அந்த ஒழுங்கைக் கொஞ்சம் அசைத்துப் பார்க்கலாம், அவ்வளவே.

2024இல் வந்த ஆய்வு இன்னும் வேடிக்கை. நிறம் காட்டுகிற 87 வகைகளையும் காட்டாத 30 உறவு வகைகளையும் ஒப்பிட்டு, எந்தெந்த ஜீன்கள் இருந்தால் மினுக்கும் என்று கணினிக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு சுமார் 2,50,000 பாக்டீரியா மரபணுத்தொகுதிகளில் தேடினால், வெளிச்சமே எட்டாத ஆழ்கடலிலும் அந்த ஜீன்கள் இருக்கின்றன. யாரும் பார்க்காத இடத்தில் நிறம் எதற்கு? வேறு எதற்கோ அடுக்கிக்கொள்கின்றன, நிறம் கொசுறு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மினுக்கிய ஓரத்திலிருந்து ஊசி முனையால் எடுத்துப் புதுத் தட்டில் கீறியிருக்கிறேன். பாதித் தட்டுகளில் ஈஸ்ட் சாற்றுக்குப் பதில் கரையில் ஒதுங்கிய பழுப்புப் பாசியை வேகவைத்த தண்ணீர். பழைய தட்டுகள் பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறிக்கொண்டிருக்கின்றன.