கறிக்கு முன் கிண்ணங்கள்: தேஜொன் நாட்குறிப்பு

10 மே 2025, சனி

மே 24ஆம் தேதி மாலை, தென் கொரியாவில் இந்தத் தேஜொன் நகரத்து வீட்டிலேயே சம்க்யொப்சால், அதாவது பன்றியின் வயிற்றுக் கறி, சுடுவது என்று முடிவாகிவிட்டது. ஆய்வகத்தில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள், மேல்வீட்டு ஹல்மொனி (பாட்டி), சைவம் மட்டுமே சாப்பிடும் ஒரு தம்பதி. கறியைப் பற்றி இப்போதே யோசிக்க ஒன்றுமில்லை, அன்று காலை வாங்கினால் போதும். மசாலா எதிலும் ஊறவைக்காமல் வெறுங்கறியாகத்தான் அதைச் சுடுகிறார்கள். அதனால் ருசியில் பாதி, சுற்றி வைக்கும் கிண்ணங்களிலிருந்துதான் வர வேண்டும். நாள் எடுப்பதும் அந்தக் கிண்ணங்கள்தான்.

முதலில் வெங்காய ஜாங்காஜி, சோயா சாஸில் ஊறும் ஊறுகாய். தெற்கே முவான் பக்கத்திலிருந்து புது வெங்காயம் சந்தைக்கு வரத் தொடங்கிவிட்டது. தோல் மெல்லிசு, கடித்தால் சாறு வடிகிறது. பெரிய சதுரங்களாக வெட்டி, கூடவே நாலைந்து பச்சை மிளகாயும் போட்டுக் கண்ணாடி ஜாடியை நிரப்பினேன். சோயா சாஸ், தண்ணீர், வினிகர் மூன்றும் ஒரே அளவு. சர்க்கரையும் அதே அளவு என்பது இங்கே பல வீட்டுக் கணக்கு. எனக்கு அது தித்திப்பு, பாதிதான் போட்டேன். வினிகரைத் தவிர மற்றதைக் கொதிக்கவிட்டு, இறக்கும்போது வினிகரைச் சேர்த்து, சூடாகவே வெங்காயத்தின் மேல் ஊற்ற வேண்டும். அப்படி ஊற்றினால்தான் மொறுமொறுப்பு நிற்கும். ஆறியதும் ஃப்ரிட்ஜில்.

11 மே, ஞாயிறு

நேற்று ஜாடியை நிரப்பும்போது கூட இருந்த தம்பி கேட்டான்: "அண்ணா, கடையில ஒரு சுவர் முழுக்க சோயா சாஸ் இருக்கே, எதை எடுக்கறது?"

நல்ல கேள்வி. இங்கே அதற்குப் பெயர் கன்ஜாங். சூப்புக்கு உள்ள கன்ஜாங் வெளிர் நிறம், உப்பு கூடுதல். அதைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவரக் கூடாது. மற்றவற்றில் பாட்டிலின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். சோயாவை நொதிக்கவிடாமல் அமிலத்தால் உடைத்து எடுத்த சாறும் சந்தையில் உண்டு. அதை நொதித்ததோடு கலந்து விற்பது கலப்புக் கன்ஜாங். முழுக்க நொதித்தது யாங்ஜோ கன்ஜாங். அதில் டி.என். என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். மொத்த நைட்ரஜன் அளவு அது; சோயாவின் புரதம் எவ்வளவு கரைந்து சாறில் இறங்கியிருக்கிறது என்பதற்கு அடையாளம். 1.0 விழுக்காடு சாதாரணத் தரம், 1.3 உயர்தரம், 1.5க்கு மேல் சிறப்புத் தரம். செம்பியோ நிறுவனத்தின் 501 பாட்டிலில் 1.5, 701 பாட்டிலில் 1.7. கொதிக்கவைக்கிற ஜாங்காஜிக்கு 501 தாராளம். பச்சையாகக் கலக்கிற வெங்காயத்தாளுக்கு 701 எடுத்தால் வித்தியாசம் நாக்கில் தெரியும்.

14 மே, புதன்

ஜாங்காஜி ஊறிவிட்டது. ஒரு துண்டு எடுத்துப் பார்த்தேன்: காரம் போய்விட்டது, கடி இருக்கிறது.

17 மே, சனி

சொதேஜொன் நிலையத்திலிருந்து ரயிலேறி கங்க்யொங். ஒரு காலத்தில் கும் ஆற்றுப் படகுத்துறையாக ஓங்கியிருந்த ஊர். கடலிலிருந்து ஆற்று வழியே வந்த மீனில், விற்று மீந்ததை உப்பிலிட்டு வைத்த பழக்கம் இன்று தெரு முழுக்க ஜொத்கால் (உப்பில் ஊறிய மீன், இறால் வகைகள்) கடைகளாக நிற்கிறது. ரயிலிறங்கிக் கொஞ்சம் நடந்தாலே வாடை வழிகாட்டும். நம் ஊர்க் கருவாட்டுக் கடைத்தெரு போன்ற வாடை, ஆனால் ஈரமானது.

நான் போனது செவுஜொத் வாங்க. உப்பில் ஊறிய சின்ன இறால். எந்த மாதம் பிடித்தது என்பதை வைத்தே பெயரும் விலையும். சந்திரக் கணக்கில் ஐந்தாம் மாத இறால் ஓஜொத், ஆறாம் மாதத்தது யுக்ஜொத், இலையுதிர் காலத்தது சுஜொத். கிம்ச்சி ஊறுகாய்க்குச் சுஜொத் போதும். சாப்பாட்டில் தொட்டுக்கொள்ள யுக்ஜொத்தான். முட்டையிடும் பருவத்தில் பிடிப்பதால் இறால் திரண்டிருக்கும். கடைக்கார அம்மா ஒரு குச்சியால் இரண்டு இறாலை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். உடல் பால் வெள்ளை, தலையிலும் வாலிலும் இளஞ்சிவப்பு, கால்கூட உடையவில்லை. வாயில் போட்டால் முதலில் உப்பு அறைகிறது, அது அடங்கியதும் ஒரு இனிப்பு வருகிறது. அந்த இனிப்புக்குத்தான் அந்த விலை. சின்ன டப்பா ஒன்று வாங்கினேன்.

பன்றிக் கறிக்கு இது துணை என்பதற்கு இங்கே எல்லோரும் சொல்லும் காரணம் செரிமானம்: ஊறிய இறாலில் புரதத்தையும் கொழுப்பையும் உடைக்கும் நொதிகள் இருக்கின்றன. எனக்கு நாக்கு சொல்லும் காரணமே போதும். கொழுப்பின் வழவழப்பை இந்த உப்பு வெட்டுகிறது. ஜேஜு தீவில் இதே வேலையை மெல்ஜொத் செய்கிறது. நெத்திலியை உப்பிலிட்ட குழம்பு அது. பூண்டும் மிளகாயும் போட்டு, கறி சுடும் தட்டின் மேலேயே சின்னக் கிண்ணத்தில் கொதிக்கவிட்டு, கருப்புப் பன்றிக் கறியை அதில் முக்கி எடுப்பார்கள்.

20 மே, செவ்வாய்

வேலை முடிந்து ஜுங்காங் சந்தைக்குப் போனேன். அங்கே எண்ணெய் ஆட்டும் கடையில் கண்ணெதிரே எள்ளை வறுத்துப் பிழிந்து, சோஜு என்ற இங்குள்ள மதுவின் பச்சை நிறப் பாட்டிலில் ஊற்றித் தருகிறார்கள். பாட்டில் கைக்கு வரும்போது இன்னும் சூடு.

நம் நல்லெண்ணெயை இதற்குப் பதிலாக ஊற்றலாமா என்று ஊரிலிருந்து அடிக்கடி கேட்கிறார்கள். வேண்டாம். நம்முடையது வறுக்காத எள்ளில் ஆட்டியது, தாளிக்கவும் இட்லிப்பொடிக்கும் அருமை. இங்கே எள்ளை நன்றாக வறுத்த பிறகே பிழிகிறார்கள். அந்த வறுத்த வாசனைதான் கிரும்ஜாங்கின் உயிர். கிரும்ஜாங் என்பது இந்த எண்ணெய், கல்லுப்பு, கொஞ்சம் மிளகுத்தூள், அவ்வளவுதான். உப்பு கரையக் கூடாது, கறியோடு பல்லில் நறநறவென்று படவேண்டும்.

மிளகாய்த்தூளுக்கும் இதே கதைதான். கொச்சுகாரு விதை நீக்கி, கொரகொரப்பாக அரைத்தது. நிறம் மிகுதி, காரம் மிதம். நம் வீட்டு மிளகாய்த்தூளை அந்த அளவுக்குப் போட்டால் வேறு எதுவும் தெரியாது.

22 மே, வியாழன்

ஹல்மொனி ஒரு சின்னப் பாத்திரம் நிறையத் தொயன்ஜாங், அதாவது நொதித்த சோயா விழுது, கொண்டுவந்தார். அவருடைய அக்கா ஊரில் போட்டது. குளிர் காலத்தில் சோயாவை வேகவைத்து இடித்துக் கட்டி பிடித்து, வைக்கோலில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். வைக்கோலில் இருக்கும் பாக்டீரியாவும் காற்றில் வரும் பூஞ்சையும் அதில் குடியேறுகின்றன. அப்புறம் மண் ஜாடியில் உப்புத் தண்ணீர், மேலே கரியும் வற்றல் மிளகாயும் இலந்தைப்பழமும். மாதக்கணக்கில் ஊறியபின் நீர் கன்ஜாங் ஆகிறது, சக்கை தொயன்ஜாங் ஆகிறது. ஜாங் போடும் இந்த வழக்கத்தை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதைப் பற்றிச் சொன்னபோது ஹல்மொனி தலையை மட்டும் ஆட்டிவிட்டு, "பூண்டை நசுக்கு" என்றார்.

கறியோடு வைத்துக்கொள்ளும் விழுதான சம்ஜாங்கை இருவரும் சேர்ந்து கலந்தோம். தொயன்ஜாங் இரண்டு பங்கு, கொச்சுஜாங் (மிளகாய் விழுது) ஒரு பங்கு, நசுக்கிய பூண்டு, பொடியாக நறுக்கிய வெங்காயமும் வெங்காயத்தாளும், எள், எண்ணெய், பச்சைப் பிளம் பாகு ஒரு கரண்டி. கடைத் தொயன்ஜாங்கில் பெரும்பாலும் கோதுமையும் சேர்ந்திருக்கும், அதனால் சாது. வீட்டில் போட்டது சோயாவும் உப்பும் மட்டுமே, நாக்கைச் சுண்டும். அதை அடக்க ஹல்மொனி டோஃபுவைத் துணியில் பிழிந்து மசித்துச் சேர்த்தார், நான் அக்ரூட்டை இடித்துப் போட்டேன். உப்பு குறைந்தது, வாசனை குறையவில்லை. கடையில் விற்கும் பச்சை டப்பா சம்ஜாங் மோசமில்லை. ஆனால் தித்திப்பு முந்திக்கொள்கிறது, சோயாவின் ஆழம் பின்னால் போய்விடுகிறது. வீட்டில் கலந்ததில் இன்னொரு நிம்மதி, நம் சைவத் தம்பதிக்கு மீன், இறால் எதுவும் இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். கிம்ச்சியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அனேகமாக எல்லாக் கிம்ச்சியிலும் ஜொத்கால் உண்டு.

24 மே, சனி, இரவு

எல்லோரும் போய்விட்டார்கள். ஜன்னல்கள் இன்னும் திறந்தே இருக்கின்றன.

பாஜொரியை, அதாவது பச்சை வெங்காயத்தாள் கலவையை, கடைசி ஐந்து நிமிடத்தில்தான் கலந்தேன். வெங்காயத்தாளை நீளவாக்கில் நூல் நூலாகச் சீவி ஐஸ் தண்ணீரில் போட்டால் சுருண்டுகொள்ளும், குத்தும் காரமும் போகும். தண்ணீரை ஒட்ட வடித்து, 701 கன்ஜாங், வினிகர், சர்க்கரை, கொச்சுகாரு, எண்ணெய். முன்னாலேயே கலந்துவைத்தால் துவண்டு நீர் விடும்.

யுக்ஜொத்தில் நறுக்கிய மிளகாய், பூண்டு, எள், துளி வினிகர். சைவத் தட்டு தனி அடுப்பில்: பெரிய சேசொங்கிக் காளான்களைத் தடிமனாக நறுக்கிச் சுட்டு கிரும்ஜாங்கில் தொட்டார்கள். கறி சாப்பிட்டவர்களும் அந்தப் பக்கம் கை நீட்டினார்கள்.

தம்பி கொச்சுஜாங்கையே நேராகத் தொட்டுக்கொள்ளப் பார்த்தான். அது தனியாகக் கறிக்குச் சேராது. களிபோல ஒட்டும், இனிக்கும். வினிகர் விட்டு இளக்கினால் பச்சை மீனுக்குப் பொருந்தும். அவனுக்கு ஹல்மொனியே ஒன்று மடித்துக் கொடுத்தார்: லெட்யூஸ் இலை, மேலே பெரில்லா இலை, கறி, சுட்ட பூண்டு, பட்டாணி அளவுக்குச் சம்ஜாங், கொஞ்சம் பாஜொரி. ஒரே வாயில் போட வேண்டும், கடித்து இரண்டாக்கக் கூடாது. சம்ஜாங் வைத்த மடிப்பில் செவுஜொத்தையும் சேர்க்க அவர் விடவில்லை. உப்பின் மேல் உப்பு வைத்தால் கறி காணாமல் போய்விடும் என்றார். நானும் அதே கட்சி. முதல் துண்டை கிரும்ஜாங்கில் மட்டும் தொட்டுச் சாப்பிட வேண்டும் என்பதும் என் பிடிவாதம், கறி எப்படிப்பட்டது என்று அதில்தான் தெரியும்.

25 மே, ஞாயிறு

பாஜொரி ஒரு இழைகூட மிஞ்சவில்லை. சம்ஜாங்கில் பச்சை வெங்காயம் இருப்பதால் இந்த வாரத்துக்குள் தீர்க்க வேண்டும். மதியம் வெள்ளரிக்காயும் முட்டைக்கோஸ் ஆவியில் வேகவைத்ததுமாகத் தொட்டுச் சாப்பிட்டோம். ஜாங்காஜிச் சாற்றை மறுபடி கொதிக்கவைத்து, ஆறியதும் மீந்த பெரில்லா இலைகளை அடுக்கி அதில் மூழ்கவைத்திருக்கிறேன். ஜூனில் பச்சைப் பிளம் வரும். பாகுக்கு பத்து கிலோ சொல்லிவைக்க வேண்டும், சர்க்கரையும் அதே எடை.