மியூட்டில் இருந்த பிள்ளைகள்

மதுரையில் ஒரு நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். எம்பிபிஎஸ், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி மாணவர்கள் 24 பேரை ஆன்லைனில் ஒன்றாக உட்காரவைத்துப் பாடம் நடத்திப் பார்த்தோம். வேறு வேறு படிப்புக்காரர்கள் ஒருவரிடம் ஒருவர் கற்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010-லேயே சொல்லிவிட்டது. ஆனால் நான்கு கல்லூரிகளின் வார்டு போஸ்டிங்கும் இடிக்காத நேரம் கிடைக்கவே எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. கடைசியில் இரவு ஏழு மணி என்று முடிவானது.

பாடத்துக்காக நாங்கள் எழுதிய கேஸ் இது: உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி, வயது 60, பக்கவாதம், நாளை டிஸ்சார்ஜ். முதல் வகுப்பில் எம்பிபிஎஸ் மாணவர்கள் மட்டுமே பேசினார்கள். எங்கள் நர்சிங் பிள்ளைகள் கடைசிவரை மியூட்டில். முடிந்ததும் ஒரு மாணவி வாட்ஸ்அப்பில் கேட்டாள்: "மேம், தண்ணி குடிச்சா இருமுறார்னு கேஸ்ல இருக்கே, யாருமே சொல்லலையே?" நீ ஏன் சொல்லவில்லை என்றேன். "டாக்டர்ஸ் பேசிட்டு இருந்தாங்க மேம்."

அவர்களும் மூன்றாம் ஆண்டு, இவளும் மூன்றாம் ஆண்டு. அந்த இருமலைக் கவனிக்காமல் விட்டால் சாப்பாடு நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் முடியலாம். எனக்கு மனசு ஆறவில்லை.

அடுத்த வகுப்பில் ஆறாறு பேராகப் பிரித்தோம். மைக்கைத் திறக்கும் முன் நோயாளியைப் பற்றிய தன் கவலையை ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் டைப் செய்து, எல்லோரும் ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டும். பிறகு எஸ்பார் (SBAR) என்ற நான்கு படி முறையில் பேச வேண்டும்: இப்போது என்ன நடக்கிறது, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், என்ன செய்யச் சொல்கிறேன். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைக்கு வந்த முறை இது. அந்த நான்காவது படிதான் எங்கள் பிள்ளைகளுக்கு வாயில் வரவில்லை. தனியாக உட்காரவைத்துச் சொல்லிப் பழக்கினேன்.

இந்த முறை இருமல்தான் முதலில் வந்தது. "மாத்திரையைப் பொடிச்சுக் குடுத்துடலாம்" என்றான் ஒரு எம்பிபிஎஸ் மாணவன். பார்மசி மாணவன் உடனே தடுத்தான்: அது மெதுவாகக் கரையும் பிரஷர் மாத்திரை, பொடித்தால் நாள் முழுக்க இறங்க வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். "எனக்கு இது தெரியாது, இன்னொரு தடவை சொல்லுங்க" என்றான் அந்த எம்பிபிஎஸ் மாணவன். அந்தக் கேள்விக்காகவே இத்தனை அலைச்சலும் தகும். சாப்பிடும்போது நிமிர்த்தி உட்காரவைப்பது எப்படி என்று பிசியோதெரபி மாணவி செய்தே காட்டினாள்.

கடைசியில், வாட்ஸ்அப்பில் கேட்ட நம்மவள் மைக்கைத் திறந்தாள். குரல் நடுங்கியது. "முழுங்குறாரான்னு டெஸ்ட் பண்ணாம வாய் வழியா எதுவும் குடுக்க வேணாம். நாளைக்கு டிஸ்சார்ஜ் வேணாம்."

அடுத்த பேட்சில் நான்கு படிப்புக்காரர்களும் ஒரு நாளாவது வார்டில் ஒரே கட்டிலருகே நிற்க வேண்டும். அதற்கு அனுமதி கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறேன்.