மேடையில் ‘தெரியாது’ என்று சொல்வது

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உனக்கு டியூட்டி இல்லையே என்று யூனிட் மேனேஜர் கேட்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். இல்லை என்று சொல்லித் தொலைத்தேன். அப்படித்தான், குறைப்பிரசவ ஆராய்ச்சிக்கு நிதி திரட்டும் ஒரு விருந்தில் ஐந்து நிமிஷம் பேசுகிற வேலை என் தலையில் விழுந்தது. மார்த்தாண்டத்திலிருந்து இங்கிலாந்துக்கு வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. அத்தனை வருஷமும் பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் நர்ஸ் வேலை. அரைக் கிலோ குழந்தையின் ரத்தநாளத்தில் வென்ஃப்ளான் என்கிற மெல்லிய ஊசிக்குழாய் போடக் கை நடுங்காது. மைக்கைப் பிடித்தால் நடுங்கும்.

விழாவை ஏற்பாடு செய்த அம்மையார் இரண்டு முறை போன் செய்தார். பிழைத்து வளர்ந்த ஒரு குழந்தையின் கதையைச் சொல்ல வேண்டும், முடிந்தால் அன்றைய படமும் இன்றைய படமும். அழவைக்கலாம், ஆனால் முடிவு நல்லதாக இருக்கட்டும், ஏனென்றால் அடுத்து சாப்பாடு. நான் எழுதி அனுப்பியதில் ஒரு பத்தியை அடித்துத் திருப்பி அனுப்பினார். ‘தானாக வலி எடுத்துக் குறைமாதத்தில் பிரசவிக்கும் தாய்மாரில் பலருக்கு அது ஏன் நடந்தது என்று எங்களால் சொல்ல முடிவதில்லை’ என்று அதில் எழுதியிருந்தேன். “தெரியாது என்று சொன்னால் யார் பணம் கொடுப்பார்கள்?” என்பது அவர் கேள்வி. தெரியாததால்தானே கேட்கிறோம் என்றேன். சிரித்தார். பத்தி அடிபட்டது அடிபட்டதுதான்.

அவரைக் குறை சொல்ல மனசு வரவில்லை. குழந்தையைக் காட்டினால் காசு வரும் என்பது பழைய கணக்கு. நியூயார்க்கின் கோனி தீவில், ராட்டினங்களுக்கும் சர்க்கஸ்களுக்கும் நடுவில், மார்ட்டின் கூனி என்பவர் 1903 முதல் 1943 வரை இன்குபேட்டரில் குறைமாதக் குழந்தைகளை வைத்துக் காட்சி நடத்தினார். நுழைவுக் கட்டணம் 25 சென்ட். பெற்றோரிடம் ஒரு காசு வாங்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கொடுத்ததில்தான் நர்ஸ்களுக்குச் சம்பளம். படிக்கும்போது அருவருப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் குழந்தைகளில் பெரும்பாலானவற்றை எடுத்துப் பார்க்க அன்றைக்கு ஆஸ்பத்திரிகளில் இடமே இல்லை. அருவருப்பை எங்கே வைப்பது என்று எனக்கு இன்றும் பிடிபடவில்லை.

குழந்தையின் கதையை மட்டும் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். அது அந்த அம்மாவின் கதை, என்னுடையதல்ல. அதற்குப் பதிலாக எங்களிடம் இருப்பதிலேயே சின்ன டயப்பர் ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். நவம்பர் 17 உலகக் குறைப்பிரசவ தினம். அதன் நிறம் ஊதா. அதனால் தங்கை கல்யாணத்துக்கு எடுத்த கத்தரிப்பூ நிறப் பட்டைக் கட்டிக்கொண்டேன். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் சேலையைப் பற்றித்தான் கேட்டார்கள்.

இந்த ஊர் நிதிவிருந்துக்கென்று ஒரு சடங்கு முறை உண்டு. ராஃபிள் சீட்டு. ஏலம்: கடலோரத்தில் ஒரு வாரம் தங்க வீடு, ரக்பி வீரர்கள் கையெழுத்திட்ட சட்டை. அப்புறம் தலையா பூவா. பத்து பவுண்ட் கட்டியவர்கள் எல்லாரும் எழுந்து நின்று தலை என்றால் தலையில் கை, பூ என்றால் பின்புறத்தில் கை. நாணயத்தைச் சுண்ட, தோற்றவர்கள் உட்கார, கடைசியில் நிற்பவருக்கு ஷாம்பெயின். கோட்டும் வில்-டையும் போட்ட பெரிய மனிதர்கள் பின்புறத்தில் கை வைத்து நின்றதைப் பார்த்தபோது என் நடுக்கம் பாதி போய்விட்டது.

என் முறை வந்தது. டயப்பரை முதல் மேசையில் கொடுத்து, சுற்றுக்கு விடுங்கள் என்றேன். 24 வாரத்தில் பிறக்கும் குழந்தைக்கு ஆரம்பத்தில் ஒரு வேளைக்கு அரை மில்லி, ஒரு மில்லி தாய்ப்பால்தான், மூக்கு வழியே போகும் குழாயில், என்று சொல்லிக் கையிலிருந்த சிரிஞ்சைத் தூக்கிக் காட்டினேன். கரண்டிச் சத்தம் நின்றது. அதற்குப் பிறகு எழுதிக் கொடுத்ததை விட்டுவிட்டு ஆட்டுக்குப் போய்விட்டேன்.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கிரஹாம் லிகின்ஸ் என்றொரு மகப்பேறு மருத்துவர் இருந்தார். பிரசவ வலியைத் தொடங்கிவைப்பது எது? அதுதான் அவருடைய கேள்வி. நுரையீரலைத் தேடி அவர் போகவே இல்லை. 1960-களில் சினையாக இருந்த செம்மறி ஆடுகளில், வயிற்றிலிருக்கும் குட்டிக்கு ஸ்டீராய்டு செலுத்திப் பார்த்தார். ஆடு நாள் வருமுன்னே ஈன்றது. அத்தனை சீக்கிரம் பிறந்த குட்டி செத்திருக்க வேண்டும். ஒரு குட்டி மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தது. ஸ்டீராய்டு அதன் நுரையீரலை நாளுக்கு முன்பே பக்குவப்படுத்தியிருந்தது. குழந்தை மருத்துவர் ராஸ் ஹௌவியோடு சேர்ந்து 282 தாய்மாரிடம் சோதனை நடத்தி 1972-ல் முடிவை வெளியிட்டார். தாய்க்குப் போடும் அந்த ஸ்டீராய்டு ஊசியில்தான் எங்கள் யூனிட் இன்றைக்கும் ஓடுகிறது. இத்தனைக்கும் அமெரிக்காவில் அதை எல்லாருக்கும் போடுங்கள் என்று நிபுணர் குழு சொல்ல 1994 ஆனது.

ஆனால் அவர் கேட்ட கேள்வி? ஆட்டுக்கு விடை கிடைத்தது. குட்டியின் உடம்பில் ஊறும் கார்டிசால்தான் பிரசவத்தைத் தொடங்குகிறது. மனுஷிக்கு அப்படியொரு தெளிவான விடை இன்னும் இல்லை. தொற்று, இரட்டைக் கர்ப்பம், கருப்பைவாய் நீளம் குறைவது என்று சிலவற்றைக் கைகாட்டுவோம். மற்றபடி தெரியாது. அடித்துவிட்ட பத்தியை அப்படியே சொன்னேன். அம்மையார் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தத் ‘தெரியாது’ காலியாகக் கிடப்பதில்லை. எங்கள் ஊரில் அந்த இடத்தில் பப்பாளி வந்து உட்காரும், தூக்கிய தண்ணீர்க்குடம் உட்காரும், “சொன்ன பேச்சு கேட்டிருந்தா” என்று மாமியார் உட்காருவார். இங்கே மாமியார் வருவதில்லை. அம்மாவே தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். இன்குபேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து, விமானத்தில் போனது, ஆபீஸில் சண்டை போட்டது, மாடிப்படி ஏறியது என்று நாள்வாரியாகப் பின்னோக்கி எண்ணுவாள். நீ எதுவும் செய்யவில்லை அம்மா என்று நான் சொன்னால், அப்படியானால் எதனால் என்று கேட்பாள். அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இருக்காது.

காபி வந்தபோது வெள்ளைமுடிக்காரப் பெண் ஒருவர் என் நாற்காலிப் பக்கம் குனிந்தார். டயப்பர் அவர் மேசை வரைக்கும் வந்ததாம். “முந்தின நாள் நான் அலமாரியை நகர்த்தினேன்” என்றார். எப்போது என்று கேட்டேன். “எண்பத்து மூணு.” நான் எழுந்து நின்றேன். அலமாரியால் இல்லை என்றேன். உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டார். ஒரு மணி நேரம் முன்னால்தான் மேடையேறித் தெரியாது என்று சொல்லியிருந்தேன். எதனால் என்று தெரியாது, அலமாரியால் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் என் முந்தானையின் சரிகையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கையால் நெய்ததா என்று கேட்டுவிட்டுப் போனார்.

டயப்பர் திரும்பி வரவே இல்லை. எல்லா மேசைகளிலும் தேடிவிட்டு, மன்னிக்கவும் என்றார் அம்மையார். கூடவே, பணம் தருகிறோம் என்று எழுதிக் கொடுக்கும் வாக்குறுதி அட்டைகள் போன வருஷத்தைவிட அதிகம் வந்திருக்கின்றன என்றும் சொன்னார். பத்தி பற்றி இருவருமே பேசவில்லை.

மறுநாள் காலை ஷிஃப்ட். ஹேண்டோவரில் கொச்சிக்காரச் சகா படித்துக்கொண்டே போனாள்: லேபர் வார்டில் ஒருத்தி, 26 வாரம், இரட்டை, வலி தொடங்கிவிட்டது.

“ஸ்டீராய்டு?”

“முதல் டோஸ் ராத்திரி பதினொண்ணுக்கு. ரெண்டாவது இன்னிக்கு ராத்திரி பதினொண்ணுக்கு.”

அதுவரைக்கும் தாங்கணும் என்றார் யாரோ. நான் போய் இரண்டு இன்குபேட்டர்களைச் சூடேறப் போட்டேன்.